கிண்ணத்துக்குள் நூலுருண்டை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பாகூர் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொய் இல்லை. வளையல், பொட்டு, ரிப்பன், கொண்டை ஊசி, நூல்கண்டு, கொஞ்சம் எவர்சில்வர் பாத்திரம் என்று ஒரு ஃபேன்சி கடையை நடத்திக்கொண்டு, கூடவே குடும்பத்தையும் நடத்துகிறவளுக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் எந்த வசவும் என்னைப் பெரிதாகக் கொதிக்க வைத்ததில்லை. என் மகளைப் பார்த்து யாராவது "பாவம்" என்று சொன்னால் மட்டும் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிடும்.

மகளுக்குப் பார்வை ஒரேயடியாகப் போகவில்லை. ஐந்தாம் வகுப்பில் அந்தி வெளிச்சத்தில் தடுமாற ஆரம்பித்தாள். பிறகு பக்கவாட்டில் வருகிற சைக்கிள் தெரியவில்லை. ஒன்பதாவது முடிப்பதற்குள் கரும்பலகையும் புத்தகமும் கைவிட்டுப் போய்விட்டன. கண்ணுக்குள் இருக்கிற திரை தேய்ந்துகொண்டே வருகிறது, அதைத் தடுக்க இப்போதைக்கு மருந்து இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். அவள் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். "ஏரி வந்துடுச்சும்மா, காத்து மாறுது. எழுந்து பைய எடு" என்றாள். அன்றைக்கு முடிவு செய்தேன், இனிமேல் இவளுக்கு முன்னால் அழக் கூடாது என்று. பெரும்பாலும் காப்பாற்றினேன்.

அவள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது அரசுப் பள்ளிகளில் மத்திய பாடத்திட்டம் வந்துவிட்டிருந்தது. புத்தகமெல்லாம் ஆங்கிலம். அதுவரை தமிழில் படித்த பிள்ளைகள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் முழித்தார்கள். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துக்குள் இருக்கிற பள்ளி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் தமிழில் விளக்கக் குறிப்பு தயாரித்து இணையத்தில் ஏற்றினார்கள். முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டி எழுதியிருந்தார்கள்: இது எல்லாருக்குமானது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், அச்சடிக்கலாம், திருத்தலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இதில் முன்னால் நின்றவர் என் மகளின் அறிவியல் டீச்சர். எங்கள் கடையில்தான் கிளிப் வாங்குவார். ஒரு கிளிப்புக்கு ஒன்பது கிளிப்பை எடுத்துப் போடச் சொல்வாரே தவிர, மற்றபடி தங்கமான மனுஷி.

முதல் பருவத் தேர்வில் மகள் அறிவியலில் தேறவில்லை. தலைமை ஆசிரியர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் நல்லவர், அதுதான் சிக்கலே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம். நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, மெல்ல ஆரம்பித்தார்.

"இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு ஒரு சலுகை இருக்குதும்மா. அறிவியலுக்குப் பதிலா வேற பாடம் எடுத்துக்கலாம். அதுல முழுக்கப் படம்தான், வரைபடம்தான். பாவம், புள்ளைய ஏன் கஷ்டப்படுத்தணும்?"

எனக்கு ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"சார், என் கண்ணுக்குள்ள இன்னா நடக்குதுன்னு எழுதியிருக்கறதே அந்தப் புஸ்தகத்துலதான். அதையே வுட்டுடச் சொல்றீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "சரி, அரையாண்டு வரைக்கும் பாப்போம். அதுல தேறிட்டா அறிவியலே எழுதட்டும். தேறலன்னா பாடத்த மாத்திக்கணும், சரியா?" என்றார். அறிவியலை விட்டால் பதினொன்றாம் வகுப்பில் அந்தப் பிரிவையே நினைத்துப் பார்க்க முடியாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தோம்.

வந்ததும் முதல் வேலையாக, அந்தக் குறிப்புகளை அவள் போனில் இறக்கினேன். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற வசதி அவள் போனில் உண்டு. செய்தி, கதை, தோழிகள் அனுப்புகிற வம்பு எல்லாவற்றையும் அதில்தான் கேட்பாள். பாடத்தைத் திறந்ததும் போன் படிக்க ஆரம்பித்தது. "எஃப், கமா, பெரிய ஹெச், செமிகோலன், சதவீதம், எக்ஸ், அடைப்புக்குறி…" நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. கல்லாவில் இருந்த என் வீட்டுக்காரர் தலையை நீட்டி, "இன்னாடி இது, மந்திரம் போடுதா?" என்றார்.

திரையைப் பார்த்தால் அழகான தமிழ். காதில் கேட்டால் பித்துப் பிடித்த ஆங்கிலம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேராகப் பக்கத்தில் இருக்கும் டிடிபி கடைக்குப் போனேன். ஆசிரியர்களின் குறிப்புகளை அவர்தான் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார். அவர் சிரித்தார்.

"அது பழைய ஃபாண்ட்டுக்கா. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எல்லாம் அதுலதான் அடிக்கிறோம். கண்ணுக்குத்தான் தமிழு. உள்ள இருக்கறது பூரா இங்கிலீஷ் எழுத்து. பிரிண்ட் போட்டா ஒண்ணும் தெரியாது. படிக்கச் சொன்னாதான் பல்ல இளிக்கும்."

நம் ஊர்ப்பக்கம் எத்தனை வருடமாக இப்படித்தான் அடித்துக்கொண்டிருக்கிறோம்! ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை மாட்டிவிட்டு, அதையே தமிழ் என்று நம்பிக்கொண்டு. இதுவாவது பரவாயில்லை. மீதிப் பாடங்கள் கையால் எழுதி, போனில் படம் பிடித்து ஏற்றியவை. ஒரு பக்கத்தில் யாரோ ஒரு ஆசிரியரின் கட்டை விரல்கூட விழுந்திருந்தது. அவற்றைத் திறந்தால் மகளின் போன் "படம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

அந்தச் சனிக்கிழமை ஆசிரியர்கள் பள்ளியில் கூடுகிறார்கள் என்று தெரிந்ததும் கடையை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு நான் போனேன். யாரும் கூப்பிடவில்லை. இது எல்லாருக்குமானது என்று எழுதியிருந்தார்களே, அதையே அழைப்பாக எடுத்துக்கொண்டேன். மேசைமேல் போனை வைத்து, அவர்கள் குறிப்பை அவர்களுக்கே படிக்க விட்டேன். எஃப், கமா, பெரிய ஹெச், செமிகோலன். முதலில் சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை. ஒரு பக்கம் முழுவதும் ஓடட்டும் என்று விட்டேன். பாதியிலேயே சிரிப்பு அடங்கிவிட்டது.

கணக்கு வாத்தியார் ஒருவர், இளம் வயதுக்காரர், தொண்டையைச் செருமினார். "இவங்களுக்குன்னு தனியா மெட்டீரியல் இருக்கும்மா. நாங்க போடறது பொதுவா எல்லாப் பசங்களுக்கும்."

"அப்படின்னா மொதப் பக்கத்துல 'எல்லாருக்கும்'னு எழுதாதீங்க சார். 'கண்ணு தெரிஞ்சவங்களுக்கு மட்டும்'னு எழுதுங்க. நான் ஒரு வார்த்தை பேசாம கடைக்குப் போயிடறேன்."

கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து தோன்றியது. ஆனால் அறிவியல் டீச்சர் அன்று சாயங்காலமே கடைக்கு வந்தார். கிளிப் வாங்க இல்லை. "எதுலருந்து ஆரம்பிக்கலாம், சொல்லுங்கக்கா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் எத்தனை கிளிப்பைக் கலைத்துப் போட்டாலும் நான் முகம் சுளித்ததில்லை.

எழுத்தைச் சரிசெய்வது பெரிய வேலையாக இல்லை. பழைய எழுத்தைப் புதிய எழுத்தாக மாற்ற வழி இருக்கிறது என்று டிடிபிக்காரரே சொன்னார், செய்தும் கொடுத்தார். கையால் எழுதியவற்றை ஆசிரியர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துத் தட்டச்சு செய்தார்கள். தலைப்பைத் தலைப்பு என்று போனுக்குப் புரிகிற விதத்தில் குறித்தார்கள். அதனால் ஒரு பாடத்தில் வேண்டிய இடத்துக்குத் தாவிப் போக முடிந்தது. அதற்கு முன்னால் நடுவில் ஒன்றைக் கேட்க வேண்டுமென்றால் மகள் முதலிலிருந்து கேட்டாக வேண்டும். இப்போது தட்டித் தட்டிப் போய்விடுவாள். பாடத்தைத் தமிழில் முதல்முறையாகப் போன் படித்தபோது, அவள் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுக் கடைக்குள் ஒரு சுற்று நடந்தாள். வளையல் வாங்க வந்தவர்கள் இரைப்பையில் நடக்கிற செரிமானத்தைக் கேட்டபடி அளவு பார்த்தார்கள்.

இடித்தது படங்கள்தான். டீச்சர் ஒவ்வொரு படத்துக்கும் அடியில், போன் படிப்பதற்கென்று ஒரு வரி சேர்த்தார். "படம்: சிறுநீரக வடிப்பானின் (நெஃப்ரான்) அமைப்பு." மகள் கேட்டாள், "சரி டீச்சர், அது எப்படி இருக்குது?" அடுத்த நாள் டீச்சர் ஒரு முழுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். அதில் அந்த வடிப்பான் என்னென்ன வேலை செய்கிறது என்று எல்லாம் இருந்தது. "வேலை புரிஞ்சிடுச்சு டீச்சர். அது எப்படி இருக்குது?" என்றாள் மறுபடியும். அரையாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது, எங்கள் மூன்று பேருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு போன் வந்தது. சோரியாங்குப்பத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர், மருமகளுக்கு வளைகாப்பு. இது எங்கள் கடையின் வழக்கம். சுற்றுப்பட்ட ஊர்களில் விசேஷம் வைத்திருக்கிற வீட்டுப் பெண்களுக்குக் கடைக்கு வர நேரம் இருக்காது. போன் செய்வார்கள். நான் சொல்லச் சொல்லக் கேட்டு முடிவு செய்வார்கள். பொருளைக் கட்டி பஸ்ஸில் கொடுத்தனுப்புவேன். போட்டோ அனுப்பலாமே என்பார்கள் புதியவர்கள். போட்டோவில் நிறம் ஒன்றாகத் தெரியும், கைக்கு வந்தால் வேறாக இருக்கும், அப்புறம் யார் திட்டு வாங்குவது? என் வாய்தான் நம்பிக்கை. "கண்ணாடி வளையல்தான் அண்ணி. ரெண்டு ஆறு சைசு, நடுத்தரக் கைக்குச் சரியா இருக்கும். வழவழன்னு இல்ல, வெளிப்பக்கம் வரி வரியா வெட்டு இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் நடுவுல ஒரு பொட்டு, கடுகு அளவு, தொட்டாத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

போனை வைத்ததும் மகள் சொன்னாள்: "ம்மா, அந்த அத்தைக்குச் சொன்னியே, அதே மாதிரி எனக்குச் சொல்லு."

டீச்சர் படத்தை என் கையில் கொடுத்தார். எனக்குச் சிறுநீரகமும் தெரியாது, வடிப்பானும் தெரியாது. ஆனால் படத்தில் இருப்பது தெரிகிறதே. ஆரம்பித்தேன். "ரொம்ப அழகா இருக்குதுடி. மேல ஆரஞ்சு கலர்ல ஒரு கிண்ணம், பளபளன்னு, உள்ள ரத்தச் சிவப்புல நூல் சுத்தி வெச்ச மாதிரி, பாத்தாலே கண்ணப் பறிக்குது…"

"ம்மா, நான் இன்னா அத வாங்கவா போறேன்?"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பழக்கதோஷம், எதைப் பார்த்தாலும் விற்கத்தான் வாய் வருகிறது. மகள் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடைக்கு முதலாளி அவள்தான் என்பதுபோல் இருந்தது உட்கார்ந்த விதம். "மொதல்ல அது இன்னான்னு சொல்லு. அப்புறம் எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்லு. அங்கருந்து என் வெரலப் புடிச்சிக் கூட்டிட்டுப் போற மாதிரி போ. முடியற எடத்துல நிறுத்து. நடுவுல அழகப் பத்திப் பேசாத."

அப்படித்தான் அந்த விளக்கம் பிறந்தது. ஒரு கிண்ணம். கிண்ணத்துக்குள் நூலுருண்டை. நூலின் இரண்டு முனையும் கிண்ணத்தின் வாய் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கிண்ணத்தின் அடியிலிருந்து ஒரு குழாய் புறப்பட்டு நெளிநெளியாகப் போகும். பிறகு நேராகக் கீழே இறங்கி, கொண்டை ஊசி மாதிரி வளைந்து, திரும்பவும் மேலே ஏறும். மேலே வந்து மறுபடியும் நெளியும். கடைசியில் வலது பக்கம் செங்குத்தாக நிற்கிற தடித்த குழாயில் போய்ச் சேரும். சொல்லி முடித்தபோது நானே அசந்துபோனேன். உடம்புக்குள் இருப்பதெல்லாம் என் கடையிலேயே இருக்கிறது!

மகள் கல்லா மேசைமேல் விரலால் கோடு இழுத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், தப்பில்லாமல் இன்னொரு தடவை இழுத்தாள். டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். ஆனால் அவர் டீச்சர் ஆயிற்றே, சும்மா விடவில்லை. "அக்கா, ரெண்டு முனையும் ஒண்ணு இல்ல. உள்ள போற ரத்தக்குழாய் தடிப்பு, வெளிய வர்றது மெல்லிசு. அதனாலதான் உள்ள அழுத்தம் கூடி வடிகட்டுது. நீங்க மாத்திச் சொன்னா பாடமே மாறிடும்" என்றார். நூல் என்று மட்டும் எழுதக் கூடாது, நூலுருண்டை போன்ற நுண்ணிய இரத்தக்குழாய்கள் என்று எழுத வேண்டும் என்றும் சொன்னார். நான் கொண்டை ஊசியை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றேன். அவர் உயிரியலை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார். இரண்டும் அதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு சாயங்காலம் ஆனால் எங்கள் கடையில் ஒரு கூட்டம். டீச்சர் படத்தை எடுப்பார், நான் சொல்வேன், அவர் திருத்துவார், மகள் மேசைமேல் விரலால் இழுத்துப் பார்ப்பாள். அவள் விரல் எங்கேயாவது திணறி நின்றால் அந்த வரி தேறவில்லை என்று அர்த்தம். மறுபடி எழுதுவோம். இதயம், மூளை, பூவின் பாகங்கள், கண். கண் படத்தை அவள் ரொம்ப நேரம் இழுத்துக்கொண்டிருந்தாள். பின்பக்கத்துத் திரை இருக்கிற இடத்துக்கு வந்ததும் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, "இங்கதானே எனக்குத் தேஞ்சு போச்சு?" என்றாள். ஆமாம் என்றார் டீச்சர். "இவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போகச் சொன்னாள். நான் உள்ளே போய், இல்லாத சரக்கைத் தேடிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

இதற்கு நடுவில் எங்கள் வீட்டுக்காரர் கதை வேறு வெளியே வந்தது. இதயப் படத்தில் ஒரு குழாய் சிவப்பு, ஒரு குழாய் பச்சை என்று போட்டு, சிவப்பில் இருப்பது இது, பச்சையில் இருப்பது அது என்று எழுதியிருந்தார்கள். கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தவர், "ரெண்டும் ஒரே கலராத்தானே இருக்குது, இதுல எப்படிக் கண்டுபுடிக்கறது?" என்றார். டீச்சர் அவரிடம் இன்னும் இரண்டு படம் காட்டிக் கேட்டுவிட்டு, அவருக்கு அந்த இரண்டு நிறமும் பிரிந்து தெரியாது, பிறவியிலேயே சிலருக்கு அப்படித்தான் என்று சொன்னார். பச்சை வளையல் டப்பாவில் சிவப்பு வளையலைச் சொருகி வைத்துவிட்டு என்னிடம் திட்டு வாங்கியே தேய்ந்த மனுஷன். "பாத்தியா, பாத்தியா!" என்று அன்று முழுக்கத் தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்றிலிருந்து படங்களில் நிறத்தோடு கூடவே எழுத்தும் போட்டோம், ஒரு குழாய்க்கு முழுக்கோடு, இன்னொன்றுக்குப் புள்ளிக்கோடு. வளையல் டப்பாக்களிலும் பெயர் எழுதி ஒட்டினேன்.

திருத்திய பாடங்களை ஆசிரியர்கள் பழைய இடத்திலேயே ஏற்றினார்கள். கண் தெரிந்த பிள்ளைகளும் கேட்க ஆரம்பித்தார்கள். பஸ்ஸில் வருகிற பெண்கள் ஆளுக்கு ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து ஒரு ஆசிரியை அதை எடுத்து, தன் மாணவிக்கு ஏற்றபடி இன்னும் சில படங்களுக்கு விளக்கம் சேர்த்து, எங்களுக்கே திருப்பி அனுப்பியிருந்தார். அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்றுதானே எழுதியிருக்கிறோம். என் கொண்டை ஊசி ஆறு தாண்டிவிட்டதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஆனால் பெருமை தேர்வு எழுதாது. அரையாண்டு வந்தது. அறிவியல் அன்று காலையில் நான் சாமி கும்பிட்ட வேகத்துக்குச் சாமியே பயந்திருக்கும். மகள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை அமர்த்தியிருந்தார்கள். எழுதுகிறவர் கீழ் வகுப்பாக இருக்க வேண்டும், பாடம் தெரிந்திருக்கக் கூடாது என்பது முறை. தனி அறை. அங்கே மேற்பார்வைக்குப் போட்டிருந்தது யாரை என்றால், தனியா மெட்டீரியல் இருக்கும்மா என்றாரே, அதே கணக்கு வாத்தியாரை.

அன்று மாலை அவரே கடைக்கு வந்தார். வந்தவர் எதையும் வாங்குகிறவராகத் தெரியவில்லை. "இன்னா சார், ஏதாவது ஆயிடுச்சா?" என்றேன்.

"படம் வரையற கேள்விக்குப் பதிலா இவங்களுக்கு வேற கேள்வி உண்டும்மா. அத எழுதுன்னு சொன்னேன். முடியாதுன்னுட்டா. 'மாத்துக் கேள்விய எழுதலாம்னுதான் சார் போட்டிருக்குது, எழுதியே ஆகணும்னு போடலியே'ன்னா. சரி, உன் இஷ்டம்னு வுட்டுட்டேன்."

அவள் படக் கேள்வியையே எடுத்தாள். சிறுநீரக வடிப்பானின் படம் வரைந்து பாகங்களைக் குறி. எழுதுகிற பெண் பென்சிலை எடுத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தாளாம். அவள் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. என் மகள் சொல்ல ஆரம்பித்தாளாம். பேப்பருக்கு இடது பக்கம், மேலாகப் போடு ஒரு கிண்ணம். கிண்ணத்துக்குள் நூலுருண்டை. உள்ளே போகிற முனை தடிப்பு, வெளியே வருகிறது மெல்லிசு. அந்தப் பெண் பாதியில், "அக்கா, இது இன்னா பரீட்சை, தையல் கிளாஸா?" என்று கேட்டாளாம். "பேசாம கொண்டை ஊசியப் போடு" என்றாளாம் என் மகள்.

வாத்தியார் மேலும் சொன்னார்: "நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்மா. கோடு கோடா விழுந்துச்சு. அது முடியும்போது…" என்று நிறுத்திவிட்டு, "எங்க கணக்குல வர்ற படத்துக்கெல்லாம் எப்படி எழுதறதுன்னு சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டார். முக்கோணமெல்லாம் என் கடையில் கிடையாது சார், ஆனால் சமோசா பக்கத்துக் கடையில் இருக்கிறது என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

மதிப்பெண் வந்த அன்று தலைமை ஆசிரியர் மறுபடி கூப்பிட்டார். அதே நாற்காலி, அதே டீ. விடைத்தாள் மேசைமேல் இருந்தது. மகள் தேறியிருந்தாள். வகுப்பில் முதலாவது எல்லாம் இல்லை, நடுவாந்திரம். எங்களுக்கு அது போதும். படத்துக்கு மட்டும் முழு மதிப்பெண். அறிவியல் டீச்சர் திருத்தியிருந்தார். தன் மாணவி என்று மதிப்பெண்ணை அள்ளிப் போட்டுவிட்டதாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்று வேறு பள்ளி ஆசிரியரிடமும் காட்டிச் சரிபார்த்திருந்தார். தலைமை ஆசிரியர் அந்தப் பக்கத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாடம் மாத்த வேணாம். அறிவியலே எழுதட்டும்" என்றார். பாவம் என்கிற சொல்லை அன்றைக்கு அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

விடைத்தாளை எங்களிடம் கொடுத்துவிட்டு அவர் மணி அடித்ததென்று வெளியே போனார். அறையில் நானும் மகளும் மட்டும். அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். கடையில் தினமும் எத்தனையோ அழகான பொருள்களைப் பார்க்கிறவள் நான். இதுபோல் ஒன்றைப் பார்த்ததில்லை. ஒரு சின்னப் பெண்ணின் கை போட்ட கோடு, கொஞ்சம் அழித்து எழுதியது. ஆனால் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

மகள் என் பக்கம் திரும்பினாள்.

"ம்மா, நான் வரைஞ்சது எப்படி இருக்குது? சொல்லு."

ஊருக்கெல்லாம் போனில் விடாமல் பேசுகிற நான் அன்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வரும்போல இருந்தது. அவளுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. என் கையைத் தேடிப் பிடித்து, தன் ஆள்காட்டி விரலை அந்தத் தாளின்மேல் வைத்தாள்.

"அழுவாத. மொதல்ல கிண்ணம் எங்க இருக்குதுன்னு சொல்லு."

அவள் விரலைப் பிடித்துக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்தேன். "இதோ, இங்க ஆரம்பிக்குது" என்றேன். பிறகு உள்ளே நூலுருண்டை, அடியில் குழாய், நெளிவு என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் போனேன். கொண்டை ஊசி மட்டும் லேசாகச் சாய்ந்திருந்தது, அதையும் மறைக்காமல் சொன்னேன். "சாஞ்சிதான் இருக்கும், எழுதின பொண்ணுக்குச் சிரிப்பு தாங்கல" என்றாள். தடித்த குழாய் முடிகிற இடத்துக்கு வந்ததும் நான் நிறுத்தினேன்.

"ரொம்ப அழகா இருக்குதுடி" என்றேன்.

அவள் அதைத் திருத்தவில்லை.